இடது தோள்

பந்து என்னிடம் வந்து சேருமுன்னே
லோகிதன் மேலே போய்விட்டான்.
அவனுக்குத் தெரியும், இது அவனுக்கில்லை.
தெரிந்தும் முழு உயரம் குதிக்கிறான்,
கை ஓங்கி, வாய் திறந்து, கண்ணில் பசியோடு.
அரைகுறையாய்க் குதித்தால்
வலைக்கு அப்பால் நிற்கிற ஜெஸீல் நம்பமாட்டான்.

செற்றரின் வேலை இவ்வளவுதான்:
முன்னுக்குப் போடும் உடம்பும்
பின்னுக்குப் போடும் உடம்பும்
ஒரே உடம்பாக இருக்கவேண்டும்.
நெற்றிக்கு மேலே பத்து விரல்,
முழங்கால் இளகி, முதுகு நேராக.
மணிக்கட்டு மட்டும் கடைசியில் முடிவெடுக்கும்,
சிலவேளை எனக்கே சொல்லாமல்.

கொழும்பில், தேசிய அணிப் பயிற்சி முகாமில்
எட்டு மாதம் ஒரே அறை, ஜெஸீலும் நானும்.
அவன் சுபஹுக்கு எழும்பும் சத்தத்தில் நானும் எழும்புவேன்.
என் கையை அவன் வாசித்துப் பழகியது அங்கேதான்.
நிந்தவூர்க்காரன். அவசரப்படமாட்டான்.
மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள்,
அவன் என் முழங்கையைப் பார்ப்பான்.

இன்றைக்குத் தம்பிலுவில் மைதானம்.
பகல் முழுக்க வயற்பக்கமிருந்து அடித்த கச்சான்
இருட்டோடு ஓய்ந்து
இப்போது கடற்காற்று குறுக்கே வருகிறது.
அன்டெனா நடுங்குகிறது.
உயரப் போட்டால் காற்று எடுத்துக்கொள்ளும்;
தாழ்வாக, வேகமாக,
வலையின் மேல்நாடாவைத் தடவிக்கொண்டு போவதுபோல் போடு
என்று எனக்கு நானே சொல்கிறேன்.

முதல் செற்றில் லோகிதனுக்கு ஒரு சோட்.
ஜெஸீல் பிந்திவிட்டான்.
பந்து மூன்று மீற்றர் கோட்டுக்கு உள்ளேயே குத்தி
சனத்துக்குள் போய் விழுந்தது.
அது நான் கொடுத்த கடன்.
மறுகா முழுக்க வட்டி:
லோகிதன் எழும்ப ஜெஸீலும் எழும்ப,
இரண்டு பேரும் இறங்குகிற அந்த ஒரு மூச்சில்
பின்வரிசையிலிருந்து பறந்து வந்து
பவாகரன் அடிப்பான், எதிரே ஒரு கையும் இல்லாமல்.
முப்பத்தொரு தடவை வெறுங்காற்றை அடித்தான் லோகிதன்.
ஸ்கோர்த் தாளில் அவன் பெயருக்கு நேரே நாலு புள்ளி.

ஐந்தாவது செற். எங்களுக்குப் பதின்மூன்று, அவர்களுக்குப் பதினான்கு.
சேவ் லிபரோவின் தோளில் பட்டு
விளம்பரப் பலகைப் பக்கம் தெறித்தது.
திட்டமெல்லாம் அத்தோடு சரி.
ஓடி, கிறுகி, குனிந்து, முன்கையால்
இடது மூலைக்கு உயரத் தூக்கிவிட்டேன்.
எங்கே போகிறதென்று எல்லாருக்கும் தெரியும்.
கச்சான் விற்கிறவர் சுருளைக் கையில் பிடித்தபடி
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.
மூன்று பேர் மதில்போல் எழும்பினார்கள்.
பவாகரன் மதிலோடு மோதவில்லை.
அதன் விளிம்பைத் தேடி,
நடுவில் நின்ற ஜெஸீலின் விரல்நுனியைத் தேடி, மேலே அடித்தான்.
பட்டது. நான் கேட்டேன்.
ஈர்க்கு முறிகிற மாதிரிச் சின்னச் சத்தம்.

பந்து பின்கோட்டுக்கு வெளியே.
கோட்டு நடுவரின் கொடி நேரே மேலே போனது.
கொடியின்மேல் மறுகையை அவர் வைக்கவில்லை.
திரும்பப் பார்க்க இங்கே கமெரா இல்லை.
ஜெஸீல் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான்.
அது அவிழ்ந்திருக்கவேயில்லை.

இரவு பதினொரு மணி, அக்கரைப்பற்றில் கொத்துக் கடை.
ஐஸ் போட்ட கிளாசுக்குள் அவனுடைய இடக்கை நடுவிரல்.
நான் கேட்கவில்லை.
இரவு முழுக்க உடம்பால் பொய் சொன்னவன்
ஒரு விரலிடம் என்னத்தைக் கேட்கிறது.

அவன்தான் சொன்னான், பிளேட்டைப் பார்த்தபடி:
“மச்சான், பின்னுக்குப் போடக்குள்ள
உன்ட இடது தோள் கொஞ்சம் இறங்குது.”

வீட்டுக்கு வந்து, லைட்டைப் போட்டு,
அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால்
இல்லாத பந்தை எழுபது தடவை பின்னுக்குப் போட்டேன்.
தோள் இறங்குவதாகத் தெரியவில்லை.
நாணயமாகத்தான் சொன்னானா,
இல்லை, அடுத்த மாதம் நிந்தவூரில்
நான் அந்தத் தோளையே நினைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று
பந்தே இல்லாமல்
முழு உயரம் குதித்துக் காட்டினானா.